எட்டாம் பக்கம்

இன்னும் இரண்டாம் பக்கம்தான். சுடலைவடிவு அம்மாவின் ஆள்காட்டி விரல் 'இரத்த அழுத்தம்' என்ற இடத்துக்கு வந்து, 'இரத்த' என்பதைக் கடந்து, 'அழுத்தம்' என்பதில் கொஞ்சம் தங்கி, உதடு அதை ஒருமுறை ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்து, பிறகு நகர்கிறது. மணி இரண்டு பத்து. மொத்தம் பதினொரு பக்கம். நான் எதிரில் கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். பங்கேற்பாளர் ஒப்புதல் படிவத்தைப் பார்த்து யோசிக்கும்போது அவசரப்படுத்தக் கூடாது, முகத்தில்கூட அவசரத்தைக் காட்டக் கூடாது என்று சென்னையில் இரண்டு நாள் பயிற்சியில் சொன்னார்கள். முகத்தில் காட்டாமல் இருப்பது எப்படி என்று மட்டும் சொல்லித்தரவில்லை. இன்று ஐந்து மணியோடு இந்த மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது முடிகிறது. எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த எண்ணிக்கை நாற்பது. சேர்ந்திருப்பது முப்பத்தொன்பது. நாற்பதாவது ஆள் இதோ என் எதிரில், இலவச முகாமில் வாங்கிய கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருக்கிறார். நாற்பது நிரம்பினால் அடுத்த ஆய்வும் எங்களுக்கே வரும், என் வேலை இன்னும் இரண்டு வருஷம் நீளும். நிரம்பாவிட்டால் அது மதுரைக்குப் போய்விடும் என்று ஆய்வை நடத்தும் டாக்டர் அருணகிரி போன வாரம் கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நான் மை டப்பாவை எடுத்து வைத்திருந்தேன், அதுதான் என்னை உறுத்துகிறது. கேட்காமலே எடுத்து வைத்துவிட்டேன். உப்பளத் தெரு, அறுபத்தாறு வயது, கூலி வேலை என்று முதல் தாளில் எழுதும்போதே கை தானாக மேஜை இழுப்பறைக்குப் போய்விட்டது. ரேகை வைப்பவர்களுக்குச் சாட்சி வேண்டும் என்பதால் மருந்துக் கடையிலிருந்து சேவியர் அண்ணனையும் கூப்பிட்டுவிட்டேன். அந்தம்மா மை டப்பாவைப் பார்த்தார், சேவியர் அண்ணனைப் பார்த்தார். "அது எதுக்கு? நான் படிக்கேன். படிச்சிட்டுக் கையெழுத்துப் போடவா வேண்டாமான்னு சொல்லுதேன்" என்றார். சேவியர் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் சிரிக்கவில்லை.

மூன்றாம் பக்கம். தாளைத் திருப்புவதற்கு முன் விரலை எச்சில் தொடாமல் சேலையில் துடைத்துக்கொள்கிறார், ஆஸ்பத்திரித் தாள் என்ற மரியாதையோ என்னவோ. அந்த விரலின் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக வெடிப்பு. நாற்பது வருஷம் உப்பு வாரிய கை. என்னால் இவ்வளவு மெதுவாக எதையும் படிக்க முடியாது. வேகமாகப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் எதையும் முழுசாகப் படித்ததே இல்லை என்று இப்போது தோன்றுகிறது, பள்ளிக்கூடத்தில் கேள்விக்குத் தேவையான வரியை மட்டும் தேடுவேன், கல்லூரியிலும் அப்படித்தான், அப்பாவின் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளையும் அப்படித்தான், அவர் போன பிறகுதான் முழுசாக விரித்தேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எழுபத்திரண்டு வயதில் நாற்பத்தைந்து கிலோ இருந்தார். பிரஷர் என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள், எல்லோருக்கும் எழுதுகிற அதே மாத்திரை, அதே அளவு. காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். வயசாகிவிட்டதுப்பா என்றேன். நான்தான் சொன்னேன். ஒரு நாள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தத் தாளில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது, வயதானவர்களிடம் இம்மருந்து போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்று. யாரிடம் சோதித்தார்கள்? நாற்பது வயதுக்காரர்களிடம், நன்றாகச் சாப்பிடுகிறவர்களிடம், கார் வைத்திருப்பவர்களிடம். என் அப்பாவைப் போன்ற ஓர் உடம்பை அவர்கள் பார்த்ததே இல்லை. பார்க்காத உடம்புக்கு எப்படி அளவு தெரியும்? இந்த ஆய்வு அதைத்தான் கேட்கிறது. அறுபது தாண்டிய, எடை குறைந்த, வெயிலில் உழைக்கிற ஆட்களுக்குப் பாதி மாத்திரை போதுமா? கேள்வி சின்னதுதான். இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்கத்தான் நான் ஒன்றரை வருஷமாக இந்த ஊரின் வெயிலில் அலைகிறேன்.

முதலில் சுவரொட்டி ஒட்டினோம். பூங்காவில் நரைத்த தலையோடு ஒரு தம்பதி சிரிக்கிற படம், 'நீங்கள் அறுபதைக் கடந்தவரா?' என்று கேள்வி. நான்கு மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் பணி ஓய்வு பெற்ற பேங்க்காரர்கள், மூவருக்கும் எடை எழுபதுக்கு மேல். அப்புறம்தான் நான் உப்பளத் தெருவுக்குப் போனேன். காலை ஒன்பது மணிக்குப் போனால் தெருவே காலியாக இருந்தது. விடிவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போனவர்கள் பதினொரு மணிக்குத்தான் திரும்புவார்கள், வந்ததும் தண்ணீர் லாரி, அப்புறம் சோறு, அப்புறம் தூக்கம். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆய்வுக்கு வர வேண்டிய நேரம் காலை எட்டு. யார் வருவார்கள்? வந்தால் ஒரு நாள் கூலி போகும். வறுமையில் இருப்பவர்களுக்கு அறிவியலில் அக்கறை இல்லை என்று ஒரு கூட்டத்தில் யாரோ பேசினார்களே, அவரை அந்தத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வரிசையில் நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். டாக்டரிடம் சொல்லி நேரத்தை மத்தியானம் இரண்டுக்கு மாற்ற வைத்தேன், பஸ் செலவுக்கு எழுதி வாங்கினேன், பிரஷர் பார்க்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு தினமும் அந்தத் தெரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். "ரத்தத்தை எடுத்து வித்துருவியளாமே" என்றார்கள். "எலிக்குக் குடுக்கதுக்குப் பதிலா எங்களுக்கா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது? கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் இந்த அம்மாதான். தெருவில் பதினோரு பேர் சேர்ந்த பிறகும் சேரவில்லை. ஏனம்மா என்றதற்கு, "போனவுக எப்படி வாராகன்னு பாக்கணும்ல சிஸ்டர்" என்றார். நான் நர்ஸ் இல்லை, ஆய்வு ஒருங்கிணைப்பாளர், ஜெசிந்தா என்று பெயர் இருக்கிறது, இருந்தும் தெருவே என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். மூன்று மாதம் பார்த்தார். யாரை எத்தனை மணிக்கு விடுகிறார்கள், யாரை அதட்டுகிறார்கள், தலை சுற்றுகிறது என்று சொன்னவரை டாக்டர் உட்கார வைத்துப் பேசினாரா, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு இன்று, கடைசி நாள், தானாக வந்தார். எங்களை ஆய்வு செய்துவிட்டு வந்திருக்கிறார். எந்தப் பயிற்சியும் இல்லாமல்.

"சிஸ்டர்." நான் நிமிர்ந்தேன். ஐந்தாம் பக்கம். "இதுல 'காப்பீடு'ன்னு இருக்கே, அது ஆய்வு முடிஞ்ச பொறவும் உண்டா, முடிஞ்சதும் போயிருமா?" ஆய்வு மருந்தினால் வந்த பாதிப்பு என்றால் பிறகும் உண்டு என்று விளக்கினேன். "அது எழுதியிருக்கா?" அடுத்த பத்தியைக் காட்டினேன். வாசித்தார். தலையாட்டினார். முப்பத்தொன்பது பேரில் யாரும் இதைக் கேட்கவில்லை. எங்க படிச்சீங்கம்மா என்று வாய்வரை வந்துவிட்டது, கேட்கலாமா, கேட்டால் அவமானமாக இருக்குமோ என்று நான் யோசிக்கும்போதே அவராகவே, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், சொன்னார். "எங்க வீட்டுக்காரரு உப்பளத்துல மோட்டர் ஒயரை மிதிச்சுச் செத்துப்போனாரு. பத்தாம் நாளு ஆபீஸ்ல கூப்பிட்டு ஒரு தாள்ல உருட்டச் சொன்னாவ. ரேகையை வச்சேன். கஞ்சிக்கு ஏதோ தாராகன்னு நெனைச்சேன். பொறவுதான் தெரிஞ்சுது, அவரு அன்னைக்கு வேலைக்கே வரலை, சும்மா அந்தப் பக்கமா நடந்து போனாருன்னு எழுதியிருக்கு." விரல் ஒரு வரி கீழே இறங்கியது. "வேலைக்கு வராத ஆளா அவரு? ஒரு நாளு மட்டம் போட்டவரு இல்ல. அப்பதான் மூணாப்பு படிச்ச எம்மவகிட்ட உக்காந்து அ, ஆ-ன்னு ஆரம்பிச்சேன். முப்பத்தோரு வயசு எனக்கு. மொத வாசிச்சு முடிச்சது அந்தத் தாளைத்தான்." என் மேஜை மேல் மை டப்பா மூடி திறந்தபடி இருந்தது. மெதுவாக எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன். அவர் பார்த்தார், பார்க்காதது போல ஆறாம் பக்கத்தைத் திருப்பினார். அந்த நாசூக்கு எனக்கு வருமா? யார் மேலும் கோபப்படாமல், யாரையும் குற்றம் சொல்லாமல், ஆனால் இனி ஒரு எழுத்தையும் விடுவதில்லை என்று முப்பத்தைந்து வருஷமாக வைத்திருக்கும் வைராக்கியம். பயமாகவும் இருக்கிறது. இப்படிப் படிக்கிறவர் முடிவில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? சொல்லட்டும், அது அவர் உரிமை, மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சொல்லிவிட்டால்? மூன்று மணி ஆகிவிட்டது. மின்விசிறி ஏழாம் பக்கத்தின் ஓரத்தைத் தூக்குகிறது, அவர் இடது கையால் அழுத்திக்கொள்கிறார். மதுரைக்குப் போய்விடும். வீட்டு வாடகை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். டாக்டரின் கோபமில்லாத முகம். கையெழுத்துப் போடுங்கம்மா. போட்டுவிடுங்கம்மா. சொல்லவில்லை. முகத்தில் இருந்திருக்குமோ?

எட்டாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. முதலில் கடினமான சொல் ஏதோ என்று நினைத்தேன். விரல் பின்னால் போய் வரியின் தொடக்கத்திலிருந்து மறுபடி வந்தது. அப்புறம் மூன்றாம் பக்கத்தைத் தேடி எடுத்து, இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இங்க, 'எப்போது வேண்டுமானாலும் காரணம் கூறாமல் விலகலாம்'னு இருக்கு. இங்க, 'இடையில் விலக ஆய்வு மருத்துவரின் அனுமதி பெற வேண்டும்'னு இருக்கு. எது சரி?" நான் எட்டாம் பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். பதினான்காவது குறிப்பு. அனுமதி பெற வேண்டும். இருந்தது. ஆங்கிலப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன், அதில் 'மருத்துவருக்குத் தெரிவிக்கவும்' என்றுதான் இருக்கிறது, திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறும் என்பதற்காக. தமிழில் யாரோ தெரிவிக்கவும் என்பதை அனுமதி ஆக்கிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். "இது மொழிபெயர்ப்புல தப்பும்மா. முன்னாடி இருக்கதுதான் சரி. நீங்க எப்ப வேணும்னாலும் போகலாம், யாரும் தடுக்க முடியாது, நான் சொல்றேன்ல" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீ சொல்லுதது நெசந்தான், சிஸ்டர். உன்னைய மூணு மாசமா பாக்கேன். ஆனா நாளைக்கு உன் எடத்துல வேற ஆளு இருந்தா, அவுக பேப்பரைத்தான பாப்பாக?" பிறகு தணிவாகக் கேட்டார். "முன்ன சேந்தவுகளுக்கும் இதே பேப்பர்தானா?"

இதே பேப்பர்தான். முப்பத்தொன்பது பேருக்கும் நான்தான் படித்துக் காட்டினேன். படித்தேனா? முதல் ஆறு பக்கம் படித்தேன், வரிவரியாக, நல்ல தமிழில், நிறுத்தி நிறுத்தி. ஏழிலிருந்து பதினொன்று வரை, இதெல்லாம் சட்டப்படி போடுறதும்மா, ஐயா, நான் சுருக்கமா சொல்லிடுறேன் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சரியாகத்தான் சொன்னேன். ஆனால் ஒரு பிரதி அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது. வீட்டில் பேத்தி இருக்கிறாள், மருமகன் இருக்கிறான், யாராவது வாசித்துச் சொல்லியிருப்பார்கள். சவரிமுத்து தாத்தா. ஐயோ, சவரிமுத்து தாத்தா. எழுபத்தோரு வயது, வலை பின்னுகிறவர், போன மூன்று தடவையும் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வாசலில் நின்று, "டாக்டர் விடுவாரா சிஸ்டர்?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது போல என்று நினைத்து, "அதான் முடிஞ்சிதே, கிளம்புங்க தாத்தா" என்றேன். மூன்று தடவையும். கடைசித் தடவை அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாரே. துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாரே. அவர் கேட்டது வீட்டுக்குப் போவதை இல்லை. நாலு மாதமாக ஒருவர் என்னிடம் விடுதலை கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் பஸ் நேரம் சொல்லியிருக்கிறேன். வயசாகிவிட்டதுப்பா என்று சொன்னதும் இதே வாய்தான். இப்போது என்ன செய்யலாம்? இந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, அம்மா சரியாயிடுச்சு என்று சொல்லலாமா? இவர் ஒத்துக்கொள்ளவும் கூடும். ஐந்து மணிக்குள் நாற்பது. யாருக்கும் தெரியாது. இவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். படிவத்தில் ஒரு சொல்லை மாற்றுவதென்றாலும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும், அதுவரை சேர்க்கையை நிறுத்த வேண்டும், முப்பத்தொன்பது பேரிடமும் போய் மறுபடி சொல்லி மறுபடி கேட்க வேண்டும். அது மூன்று வாரம், நான்கு வாரம். அதற்குள் மதுரை. என் கை போனில் இருக்கிறது. அந்தம்மா தாள்களை வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருக்கிறார், ஒன்று முதல் பதினொன்று வரை, ஓரம் தட்டி. அவருக்கு என்ன அவசரம்? நாற்பது எண்ணிக்கை பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது, அந்த நிச்சயம்தான் என்னை எழுப்பி நிறுத்துகிறது.

"டாக்டர், ஜெசிந்தா பேசுறேன். இன்னைக்குச் சேர்க்கையை நிறுத்தணும்." எட்டாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். மறுமுனையில் யாரோ நோயாளி இருமுவது கேட்டது. "யார் கண்டுபிடிச்சது?" என்றார். "சேர வந்தவங்க. உப்பளத்துல வேலை செய்றவங்க." "நானும் அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார் மெல்ல. பிறகு, "நிறுத்திடு. குழுவுக்கு நான் இப்பவே எழுதுறேன். எல்லார்கிட்டயும் நானே வந்து பேசுறேன். அவங்ககிட்ட நன்றி சொல்லு, இல்ல, இரு, நானே சொல்றேன், போனைக் குடு." கொடுத்தேன். அந்தம்மா போனைக் காதில் வைத்து, "சரிங்கய்யா... சரிங்கய்யா... அதுக்கென்னய்யா, எழுதியிருந்துது, வாசிச்சேன்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். அவர் கோபித்துக்கொண்டு போகிறாரோ? "புதுப் பேப்பர் வந்ததும் சொல்லியனுப்பு. வாரேன்" என்றார். "சேர வாரீங்களா?" "வாசிக்க வாரேன். சேருதது பொறவு." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "எழுத்தை இன்னுங் கொஞ்சம் பெருசா போடச் சொல்லு. எனக்கே கண்ணு வலிக்கு. மத்தவுக பாவம்லா?" தாழ்வாரத்தில் அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உப்பில் நின்று நின்று பாதம் முழுக்க ஊன்ற முடியாத நடை, இருந்தும் யாருக்காகவும் ஒதுங்காமல் நடுவில் நடந்து போனார்.

அறையில் நான் மட்டும். மணி மூன்றே முக்கால். சவரிமுத்து தாத்தாவின் எண் அவர் மகள் போனில்தான். எடுத்தவுடன் என்ன சொல்வது? மன்னிப்பா, விளக்கமா, பதினான்காவது குறிப்பா? மகள் எடுத்து, "அப்பா, ஆஸ்பத்திரி சிஸ்டரு" என்று கூப்பிட்டாள். வலையைக் கீழே போடுகிற சத்தம், இருமல், மூச்சு. "நாளைக்கு வரணுமா சிஸ்டர்?" என்றார், குரலில் உயிரே இல்லாமல். "தாத்தா, நீங்க வாசல்ல நின்னு கேட்டது எனக்கு இப்பதான் புரிஞ்சிது. பேப்பர்ல தப்பா எழுதியிருக்கு. யாரும் உங்களைப் புடிச்சு வைக்க முடியாது. வேண்டாம்னா இன்னைக்கே விட்டுடலாம். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க, பழைய மாத்திரைக்கு மாறுற வரைக்கும் டாக்டர் பாத்துக்குவாரு. வழக்கமான வைத்தியம் எப்பவும் போல நடக்கும். என்னைய மன்னிச்சிடுங்க." கடல் பக்கத்துக் காற்று போனில் உரசிக்கொண்டே இருந்தது. வருத்தப்படுகிறாரோ, திட்டப் போகிறாரோ, திட்டட்டும். "அப்ப வரலைன்னா வரலையா?" "வரலைன்னா வரலை." "டாக்டரு ஏன்னு கேப்பாரா?" "கேக்க மாட்டாரு. நீங்க காரணம் சொல்ல வேண்டியதில்லை." "சொல்ல வேண்டாமா?" "வேண்டாம் தாத்தா."

"அப்ப சொல்ல மாட்டேன்" என்று சவரிமுத்து தாத்தா சிரித்தார். நாலு மாதத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை.